கீச்சிட்ட மானிட்டர்

சின்ன வயதில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன், பல் துலக்கிவிட்டேன், பாலைக் குடித்துவிட்டேன் என்று நாளுக்குக் குறைந்தது மூன்று தேறும். அவையெல்லாம் சொன்ன வேகத்தில் மறந்தும் போயின. மாமாவின் மானிட்டரைப் பற்றிச் சொன்ன ஒரு பொய் மட்டும் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகாதவர். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கடைசி அறை அவருடையது. இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காதில் அடைத்துக்கொள்ள அங்கே ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு அடைப்பான்கள் கொடுப்பார்கள். அமுக்கினால் சுருங்கி, விட்டால் மெதுவாக உப்பும். மாமா அவற்றைப் பிரிக்காமலே கொண்டுவந்து எனக்குத் தந்துவிடுவார். பென்சில் பெட்டி நிறைய வைத்திருந்தேன். வகுப்பில் அவ்வளவு பணக்காரி நான் ஒருத்திதான்.

அப்பா சிங்கப்பூரில் வேலை செய்தார். அவருக்கு ஞாயிறு விடுமுறை. ஜொகூர் பள்ளிகளுக்கோ அந்த வருஷங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஆகவே நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது அபூர்வம். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வாய்த்தது மாமாதான்.

பெக்கான் நானாஸ் என்ற ஊரில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடை ஒன்று மூடிக் கிடந்தது. அங்கிருந்த மெஷின் ஒன்றின் மானிட்டரை மாமா எப்படியோ பேசி வாங்கிவிட்டார். பின்பக்கம் கூம்பாக நீண்ட பழைய குழாய் மானிட்டர். நானும் அவருமாக, அதாவது அவர் தூக்கவும் நான் வழி சொல்லவுமாக, லிஃப்ட் இல்லாத மாடிகளில் அதை ஏற்றினோம். அம்மா கதவைத் திறந்தார், பார்த்தார், "அலமாக், இது எதுக்குடா?" என்றார். பழைய மெஷின் கேம்களையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் எமுலேட்டர் மாமாவிடம் இருந்தது. ஆனால் தட்டைத் திரையில் அவை சோப்புப் போட்டுத் தேய்த்ததுபோல் வெளுத்துத் தெரிகின்றனவாம். அந்தக் கேம்களுக்கு இந்தக் குழாய்தான் சரியாம். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை, ஆனால் நான் தலையாட்டினேன்.

குழாய் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. முதல் நாள் ஒரே படம் இரண்டாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் ஒல்லியாக நின்றது. அடுத்த வாரம் படம் மேல்நோக்கி உருண்டுகொண்டே போனது. அதற்கடுத்து எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து, ராத்திரி தாமதமாக வீடு திரும்பும் ஆள் மாதிரி தள்ளாடியது. மாமா ஆன்லைனில் யார் யாரிடமோ கேட்டு எனக்கு விளக்கினார். கம்ப்யூட்டர் கோடுகளை வேகமாக அனுப்புகிறது. இந்த மானிட்டர் அதில் பாதி வேகத்தில்தான் வரையும். அதற்கு மேல் விரட்டினால் உள்ளே சூடேறி எரிந்துபோகும். ஒரு சின்ன மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கேமுக்கும் ஒவ்வொரு எண். அந்த எண்ணைத்தான் மாமா வாராவாரம் தேடினார்.

இதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அந்த மானிட்டர் ஓடும்போது கொசு பறப்பதுபோல் மெல்லிய ஒரு 'ஈ' சத்தம் வரும். சத்தம் ஒரே சீராக இருந்தால் நலம். கீச்சென்று ஏறி இறங்கினால் வேகம் தவறு, உடனே அணைக்க வேண்டும். மாமா எண்ணை மாற்றுவார், சுவிட்சைப் போடுவார், என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"கத்துதா பாப்பா?"

"கத்துது மாமா."

அணைத்துவிடுவார். மறுபடி எண், மறுபடி சுவிட்ச், மறுபடி அதே கேள்வி. ஏன் நீங்களே கேட்கக்கூடாது என்று ஒரு நாள் கேட்டேன். அந்தச் சத்தம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கேட்கும், வயதானவர்களுக்குக் கேட்காது என்று இணையத்தில் போட்டிருப்பதாகச் சொன்னார். நான் நம்பிவிட்டேன். பத்து வயதுக்காரிக்கு எல்லாரும் வயதானவர்கள்தாமே. மாமாவுக்கு அப்போது இருபத்தேழு.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா ஒரு மணி நேரம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுவாரம் பரீட்சை. முக்கால் மணி நேரம் எண் மாற்றுவதிலேயே போனது. "கத்துதா?" "கத்துது." "இப்ப?" "இப்பவும்தான்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியாக மாமா ஏதோ எண்ணைத் தட்டிச் சுவிட்சைப் போட்டார். படம் வந்தது. சாயவில்லை, உருளவில்லை, பிளக்கவில்லை. கறுப்பு வானத்தில் ஒரு சின்னக் கப்பல் நின்றது. அப்படி ஒரு சிவப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் சத்தம் தப்பாக இருந்தது. உள்ளே யாரோ கண்ணாடியை ஆணியால் கீறுவதுபோல் கீச்சிட்டது. மாமா என்னைப் பார்த்தார்.

"கத்துதா பாப்பா?"

"இல்ல மாமா. நல்லாதான் இருக்கு."

மாமாவின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. கேம் ஆடும் பிடியை என் கையில் கொடுத்துவிட்டு, மானிட்டரின் பக்கத்தில் சாய்ந்து, அதன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஆடினேன். கீச்சு ஏறிக்கொண்டே போனது. என் பல் கூசியது. அடுத்த கட்டம் வரும்வரை பொறுத்துக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டேன். பிறகு அது கீச்சாக இல்லை, கத்தலாகவே ஆகிவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாள் வெளியே நின்று எங்கள் கதவைத் தட்டினார். நானும் பிடியைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன்.

மாமா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் காதுக்கும் மானிட்டருக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்காது. கப்பலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஏன் ஆட்டத்தை நிறுத்தினேன் என்று என்னைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தார்.

டப்பென்று வெடித்தது. படம் ஒரு புள்ளியாகச் சுருங்கிச் செத்தது. வீட்டில் மின்சாரம் மொத்தமும் அடங்கியது. கருகிய நாற்றமும் மெல்லிய புகையும் பின்பக்கத்திலிருந்து வந்தன. அந்தச் சத்தத்துக்கு மாமா துள்ளி எழுந்தார். மானிட்டரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வார்த்தைதான் மனதில் வந்தது.

அம்மா மானிட்டரைப் பார்க்கவே இல்லை. தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்குக் கேக்கலையாடா?"

"என்னக்கா?"

"இவ்வளவு நேரம் கத்துச்சே. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கு. உனக்குக் கேக்கல?"

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னது அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரோ அம்மாவிடம் திரும்பி, "கேட்டுச்சுக்கா. கொஞ்ச நேரம் போனா அடங்கிரும்னு நாந்தான் விட்டுட்டேன். பாப்பா அப்பவே சொன்னா" என்றார்.

மாமா குனிந்து கம்பிகளைக் கழற்றத் தொடங்கியதும், அம்மா ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றார். கிலுக்கினார். மாமா திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய், பிடரிக்குப் பக்கத்தில் வைத்துக் கிலுகிலுவென்று கிலுக்கினார். மாமா ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அம்மாவின் முகம் அப்படி வெளிறி அதற்கு முன் நான் கண்டதில்லை. பேய் அறைந்தது என்பார்களே, அது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதிப்பார்களே, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டார். அந்த நாள் வந்தால் உடம்பு சரியில்லை என்று எம்.சி. வாங்கி லீவு போட்டுவிடுவேன் என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். எத்தனை வருஷமாக என்று கேட்டார் அம்மா. மாமா கழற்றிய ஸ்க்ரூவை உள்ளங்கையில் உருட்டினார். அம்மா என் புத்தகப் பையைத் திறந்தார், பென்சில் பெட்டியைக் கவிழ்த்தார். ஆரஞ்சு நிறப் பஞ்சுகள் தரை முழுக்க உருண்டன. அவற்றைப் பொறுக்கப் போன என் கையில் ஓர் அடி விழுந்தது. எதற்கு அடி என்று எனக்குப் புரியவில்லை.

"நாளைக்கே கிளினிக்குக்குப் போறோம்" என்றார் அம்மா. "காது சரியில்லைன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா, நானே உன் மேனேஜர்கிட்ட போய் அந்த மெஷின் பக்கமே உன்னை விடாதீங்கன்னு சொல்லிருவேன்."

"என்னக்கா நீங்க. லாயாங் லாயாங் ஊர்லேருந்து அடுத்த மாசம் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. காது கேக்காத மாப்பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"கேக்காதுன்னு இப்ப யாரு சொன்னா? கேக்குதுன்னுதானே நீ சொன்ன?"

அம்மாவிடம் பேசி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கிளினிக்கில் அலமாரி அளவுக்கு ஓர் அறை, சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல். மாமாவை உள்ளே உட்காரவைத்துத் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அமுக்கினால் வெளியே ஒரு சின்ன விளக்கு எரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மலாய்க்கார மிசி, அதாவது நர்ஸ், மெஷினை வைத்துக்கொண்டு சத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கத்தில் கண்ணை மூடி, உதட்டை அசைத்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண்ணை மூட வேண்டிய அவசியம் இல்லை. அதனால் பார்த்தேன். மிசி மெஷினைத் தட்டும்போது அவருடைய வலது முழங்கை ஒரு விரற்கடை உயரும். உயர்ந்ததும் விளக்கு எரிந்தது. மறுபடி முழங்கை, மறுபடி விளக்கு. மாமா கண்ணாடி வழியாக மிசியின் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் வராமலிருக்க நடுவில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டார். அதையும் கண்டுபிடித்துவிட்டேன். ஒருமுறை அவர் பார்வை என் பக்கம் வந்து என் பார்வையோடு முட்டியது. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவு சிரிப்பு வந்தது.

மிசி எழுந்து எங்களிடம் வந்து, "ஓகே லா, சிகிட் சாஜா" என்றார். கொஞ்சம்தான் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம். அம்மா பெருமூச்சு விட்டார். மாமா அறையைவிட்டு வந்தபோது, அந்தக் குளிர்சாதனக் குளிரிலும் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

படிக்கட்டில் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீ பார்த்தேதானே? மாமா ஒழுங்கா அமுத்துனாரா?"

"ஒன்னு ரெண்டு தவிர எல்லாத்துக்கும் அமுத்துனாரும்மா."

அது பொய்யில்லை. மானிட்டர் வெடித்த பழியை மாமா தன்மேல் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருந்தார். இப்போது நான் அவரைக் காப்பாற்றினேன். சரிக்குச் சரி. அம்மா குனிந்து என் உச்சியில் முத்தமிட்டார். பெரிய ஆள் ஆகிவிட்டதுபோல் இருந்தது எனக்கு. என் முழு வாழ்க்கையிலும் நான் வெட்கப்படுகிற முத்தம் அது ஒன்றுதான்.

மாமாவுக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளைகளும் பிறந்தன. இன்று அவர் எங்கள் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். அவருடைய சின்ன மகளின் குரல் மெல்லியது. அவளிடம் மட்டும் எதையும் இரண்டாம் முறை கேட்க மாட்டார், எல்லாவற்றுக்கும் சிரித்துவைப்பார்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மறுநாள் ஞாயிறு. எனக்குப் பள்ளி, மாமாவுக்குக் காலை ஷிப்ட், அதே மெஷின். தொழிற்சாலை பஸ் கீழே வந்து நின்றது. பள்ளிச் சீருடையோடு தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறும் முன் மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். ஒருவரைக் காப்பாற்றுவது இவ்வளவு சுலபமா என்றுதான் அப்போது நினைத்தேன்.