சொல்லலாம், பேசக்கூடாது

ஹில்டா டெபட்டுக்கு மறதி கிடையாது. மறக்க முடியாவிட்டால் மன்னிக்கவாவது செய்யுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஆயிரம் சொல்லட்டும், அவள் இரண்டையும் செய்யவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மிஷினை ஓட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலி மேவிஸ் பேண்டர் என்றைக்கு ஓய்வு பெறுவாள் என்று காத்திருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நார்தாம்ப்டன் பக்கத்தில் அந்தச் சின்ன ஊருக்குப் பிழைப்பே பூட்ஸ்தான். ஆண்கள் தோலை வெட்டுவார்கள், அடித்தோல் வைப்பார்கள். மேல்தோலைத் தைப்பது பெண்கள். நாற்பது பெண்கள், நாற்பது மிஷின். அந்த இரைச்சலில் எவள் எவளோடு பேச முடியும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு முழுவதையும் அளந்துவிடுவார்கள். போதாததற்கு அந்த ஊரில் பால்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லாரும் எல்லாரையும் 'வாத்து' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். 'வா வாத்து', 'என்ன வாத்து, சளி விட்டுதா'. அந்த ஒட்டு இல்லாமல் ஒருத்தி வாயைத் திறந்தால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஐம்பத்தெட்டு ஆகஸ்டில் வந்தது வினை. காலையில் மூன்று நிமிஷம் தாமதமானால் ஆலை வாசலைச் சாத்திவிடுவார்கள். அதனால் முன்னால் வந்தவள், பின்னால் ஓடிவருகிறவளுடைய வருகைக் கார்டையும் சேர்த்துக் கடிகாரத்தில் அடித்துவிடுவாள். காலங்காலமாக நடப்பதுதான். பெரில் என்ற பெண் அப்படி அடித்தபோது, கடிகாரத்துக்குப் பின்னாலேயே ஒளிந்து நின்ற மேற்பார்வையாளர் க்ரூகாக் கையும் களவுமாகப் பிடித்தார். பெரில் அன்றைக்கே வீட்டுக்கு. அந்த அறையிலேயே நல்ல கைக்காரி அவள், புது மாதிரிகளை முதலில் தைக்கக் கொடுப்பது அவளிடம்தான்.

யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யார்?

முதல்நாள் சாயங்காலம் க்ரூகாக்கின் அறை வாசலில் ஹில்டா நின்றதை மேவிஸ் பார்த்தாளாம். நின்றது உண்மை. ஹில்டாவின் புருஷன் லென்னுக்கு நெஞ்சில் கோளாறு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரை நாள் லீவு கேட்கப் போயிருந்தாள். ஆனால் பாருங்கள், காலையில் 'ஹில்டா அவர்கிட்ட பேசிட்டிருந்தா' என்று இருந்தது, சாப்பாட்டு நேரத்துக்குள் 'ஹில்டா அவர்கிட்ட என்னமோ சொன்னா' ஆனது. சாயங்காலம் 'ஹில்டாதான் சொல்லிட்டா'. ஒரு பகலுக்குள் பேச்சு சொல்லாகிவிட்டது, சொல் குற்றமாகிவிட்டது. அந்தந்த வேளைக்கு அந்தந்த வார்த்தையை எடுத்து வைத்தவள் மேவிஸ்.

மறுநாள் தேநீர் வேளையில் மேவிஸ் தீர்ப்புச் சொன்னாள். தொழிற்சங்கத்துக்கு அந்த அறையில் அவள்தான் ஆள், நாட்டாமை மாதிரி. தீர்ப்பு என்ன, கவென்ட்ரிக்கு அனுப்புவதுதான். கவென்ட்ரி அங்கிருந்து நாற்பது மைல். ஆளை நாற்காலியைவிட்டு நகர்த்தாமலே அங்கே அனுப்பிவிடுவார்கள். யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

"வேலைக்கு வேணும்கிறத சொல்லலாம். பேசக்கூடாது," என்றாள் மேவிஸ்.

பெரிலின் தங்கை டோரீன், அப்போது பத்தொன்பது வயசு, கேட்டாள்: "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் வாத்து?"

"'நூல் தீந்துபோச்சு'ன்னா அது சொல்றது. 'நூல் தீந்துபோச்சு, எழவெடுத்த நூலு, நேத்தும் இப்படித்தான்'னா அது பேசறது."

"காலையில வணக்கம் சொன்னா?"

"அது பேரு 'வணக்கம் சொல்றது'தான். ஆனா அது பேசறது. கூடாது."

"அவ தும்மினா?"

"தும்மட்டும். ஆண்டவர் பாத்துப்பார்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹில்டா நாலடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னதே.

பதினொரு மாசம். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். சுற்றிலும் முப்பத்தொன்பது உதடுகள் ஓயாமல் அசையும், இவள் நிமிர்ந்தால் அப்படியே மூடிக்கொள்ளும். முதல் வாரம் ஹில்டா ஒவ்வொருத்தியிடமும் போய், "நான் சொல்லல, லீவு கேக்கத்தான் போனேன்" என்றாள். சுவரில் சொன்ன மாதிரி. கேட்கிற காது இல்லாவிட்டால் சொல்கிற வாய் எதற்கு? அதையும் மூடிக்கொண்டாள்.

தைக்கிற ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு வரும், எந்த அளவு, எந்த நிறம் என்று. வேலை முடிந்தால் அது குப்பை. ஹில்டா அந்தச் சீட்டுகளின் பின்புறத்தில், மேவிஸ் தன்னிடம் சொன்னதைத் தேதி போட்டு எழுதிவைக்க ஆரம்பித்தாள். முதலில் அது லென்னுக்காக. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்பான், "இன்னிக்கு மகாராணி வாயத் திறந்தாளா?" இவள் சீட்டை எடுத்து ராணி குரலில் படிப்பாள்: "'உன் ஊசி உடைஞ்சிருக்கு.'" லென் இருமல் வரும்வரை சிரிப்பான். வாரத்துக்கு ஒரு சீட்டு தேறினாலே அதிகம்.

பிப்ரவரியில் லென் செத்துப்போனான். ஆலையிலிருந்து சாவுக்கு ஒருத்திகூட வரவில்லை. க்ரூகாக் மட்டும் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பன்றி இறைச்சி சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார். மனிதருக்கு மனசு உறுத்தியிருக்கிறது.

"நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும் ஹில்டா. சொன்னது உன் பக்கத்து நாற்காலி."

"அத அங்க வந்து சொல்லுங்களேன் மிஸ்டர் க்ரூகாக்."

"யார் சொன்னாங்கன்னு நான் வெளிய சொன்னா, அப்புறம் எவ எங்கிட்ட சொல்வா?"

ஹில்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெரில் போனபிறகு புது மாதிரிகளைத் தைக்கிற வேலை யாருக்குப் போனது? மேவிஸுக்கு. திருடியே 'திருடன், திருடன்' என்று கத்தியிருக்கிறாள். அதோடு விட்டாளா? பழியை இவள் தலையில் கட்டி, தீர்ப்பும் அவளே சொல்லியிருக்கிறாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஹில்டா கறுப்பு உடையோடு வேலைக்குப் போனாள். இன்றைக்காவது ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள், பாவி மனசு. மேவிஸ் அந்தக் கறுப்பு உடையை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாற்காலியைத் தள்ளிப் போடு."

ஹில்டா தள்ளிப் போட்டாள். சீட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினாள். படித்துக்காட்ட வீட்டில் ஆள் இல்லை.

ஜூலையில் ஆலை ஆட்கள் எல்லாரும் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனார்கள். ஹில்டா படியேறியதும் மேவிஸ் பக்கத்து இருக்கையைத் தட்டி, "வா வாத்து, இடம் இருக்கு" என்றாள். ஒன்றுமே நடக்காத மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒருத்தி வாய் திறந்தாளா? இல்லை. ஆடித் தீர்ந்த ஆட்டத்தைக் கலைப்பதுபோல் கலைத்துவிட்டார்கள்.

ஹில்டா எல்லாரோடும் பேசினாள். மேவிஸோடு மட்டும் அவள் போட்ட சட்டத்தையே கடைப்பிடித்தாள். நூல் தீர்ந்தால் சொல்வாள், ஊசி உடைந்தால் சொல்வாள். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. மேவிஸ் முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு கேக் சுட்டுக் கொண்டுவந்தாள். பிறகு பயப்பட ஆரம்பித்தாள். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் சொல்லவில்லை? என்றைக்குச் சொல்லப்போகிறாள்? க்ரூகாக் செத்த அன்று மேவிஸின் முகத்தில் வந்த நிம்மதியை ஹில்டா பார்த்தாள், பேசாமல் நூலைக் கோத்தாள். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். அவளுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. அதே அறையில் தன் பேர் துலங்க வேண்டும், அதை மேவிஸ் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அதற்கு வழி ஆலையிலேயே இருந்தது. ஒருத்தி ஓய்வு பெற்றால் கடைசி நாள் மத்தியானம் மிஷின்களை நிறுத்திவிட்டு டீயும் கேக்கும் கொடுப்பார்கள். அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது பக்கத்து நாற்காலிக்காரி. வேறு யாரும் பேசக்கூடாது. மேவிஸ் ஒரு மாசம் முன்பிருந்தே டோரீனிடம் கெஞ்சிப் பார்த்தாள், "நீ பேசேன் வாத்து, ஹில்டாவுக்குக் கூச்சம்" என்று. டோரீன் இப்போது அந்த அறைக்குச் சங்கத்து ஆள்.

"வழக்கம் வழக்கம்தான் மேவிஸ். பத்தொன்பது வருஷமா பக்கத்துல உக்காந்தவ பேசாம வேற யார் பேசறது?"

எழுபத்தேழு அக்டோபர், வெள்ளிக்கிழமை. மேவிஸ் முடியைச் சுருட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஹில்டா எழுந்தாள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். பரிசுதான் என்று நினைத்துப் பின்வரிசையில் கைதட்டினார்கள்.

"எனக்குப் பேச வராது," என்றாள் ஹில்டா. "ஐம்பத்தெட்டு ஆகஸ்ட்லேருந்து அடுத்த ஜூலை வரைக்கும் மேவிஸ் எங்கிட்ட என்னென்ன சொன்னாளோ, அத எழுதி வச்சிருக்கேன். அதையே படிச்சிடறேன். நாப்பத்தி மூணு சீட்டு இருக்கு."

முதல் சீட்டை எடுத்தாள். "'கறுப்பு நூல்.'" இரண்டாவது. "'உன்னக் கூப்பிடறாங்க.'" மூன்றாவது. "'விளக்கு மறைக்குது.'" இளசுகள் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை என்று. பத்தாவது சீட்டில் சிரிப்பு நின்றது. வயசானவர்களுக்கு எந்த வருஷம் என்று நினைவு வந்துவிட்டது. ஒருத்தி கேக்கைத் தட்டில் வைத்தாள். ஹில்டா அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தேதி படித்தாள், பிறகு வாசகம், பிறகு சீட்டை மேவிஸின் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிப்ரவரி பதினேழு. அதுக்கு முந்தின நாள்தான் என் வீட்டுக்காரர அடக்கம் பண்ணினோம். 'நாற்காலியைத் தள்ளிப் போடு.'"

மேவிஸுக்குக் கழுத்து வரை சிவந்திருந்தது. "போதும் ஹில்டா," என்றாள், "பழைய கதை."

"இன்னும் கொஞ்சந்தான்." மிச்சத்தையும் படித்தாள், நாற்பத்து மூன்றாவது வரை. பிறகு காலி டின்னை மூடினாள். "இவ்வளவுதான் அவ எனக்குச் சொன்னது. இன்னொண்ணு இருக்கு, அது எனக்குச் சொன்னதில்ல. பெரில் போறதுக்கு முந்தின நாள் மிஸ்டர் க்ரூகாக்குக்குச் சொன்னது. அத நான் எப்படிச் சொல்றது? அவ வாயாலயே கேட்டுக்குங்க."

உட்கார்ந்துவிட்டாள்.

அத்தனை பேரும் மேவிஸைப் பார்த்தார்கள். அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பொய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், க்ரூகாக்கும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக இந்த நிமிஷத்துக்கு நடுங்கி நடுங்கி, அது வந்தபோது அவளிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

டோரீன்தான் கேட்டாள். "மேவிஸ், நீயா?" வாத்து இல்லை.

"எனக்கு அந்த வேல வேணும்னு இருந்துச்சு," என்றாள் மேவிஸ். "இவ்ளோ தூரம் போகும்னு நெனக்கல."

டோரீன் மிஷினிடம் போய்ச் சுவிட்சைப் போட்டாள். ஒவ்வொன்றாக மற்ற மிஷின்களும் ஓட ஆரம்பித்தன. கேக் வெட்டியது வெட்டியபடி கிடந்தது. மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள், யாரும் போய்வா என்று சொல்லவில்லை. வேலை முடிந்து போகிற வழியில் ஒருத்தி ஹில்டாவின் தோளைத் தொட்டு, "நாங்க கேட்டிருக்கணும் வாத்து" என்றாள். ஹில்டா காலி டின்னைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள், அதை மறைப்பானேன்?

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆனால் ரொட்டிக்கடையில் மேவிஸ் நுழைந்தால் பேச்சு நிற்கும். ரொட்டி கொடுப்பார்கள், சில்லறை கொடுப்பார்கள், 'வாத்து' மட்டும் வராது.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சந்தைக்குப் போகிற பஸ்ஸுக்கு ஹில்டா நின்றிருந்தாள். தூறல். அந்த நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. மேவிஸ் வந்து பக்கத்தில் நின்றாள், இளைத்திருந்தாள்.

"அஞ்சு வாரமாச்சு ஹில்டா," என்றாள். "ஒருத்தியும் எங்கூடப் பேசறதில்ல. வீட்ல வானொலிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். திட்டணும்னா திட்டு. ஏதாவது பேசேன்."

ஹில்டா அவளை நேருக்கு நேர் பார்த்தாள். பதினொரு மாசத்தில் ஐந்து வாரம் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். பிறகு சாலையைப் பார்த்தாள்.

"பஸ் வருது," என்றாள்.

ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, காலிப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டாள்.