வாய்தா வரை நிற்க வேண்டிய பற்கள்

1. எச்சில் வேலை

உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தபோது புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்போவதாக நினைத்திருந்தேன். நினைத்தது நான் ஒருவன்தான். தஞ்சாவூரில் ஒரு பல் மருத்துவமனை லேபில் வேலை கிடைத்தது. முதல் நாளே டாக்டரம்மா ஒரு மெல்லிய காகிதத் துண்டை நீட்டினார்.

"ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இடுக்கு இருக்கும். அதுல செருகி, ஊறுற நீரை எடுங்க. ரத்தம் பட்டா தூக்கிப் போட்டுடுங்க."

ஈறு நோய் தீவிரமாக இருந்தால் அந்த நீரில் ஏ.எஸ்.டி. என்ற என்ஸைம் ஏறும். செல்கள் சாகும்போது உள்ளிருப்பது வெளியே கொட்டுவதுதான் காரணம். அதைக் கலரிமீட்டரில் அளப்பது என் வேலை. ஊரில் 'ரிசர்ச்' என்று சொல்லிக்கொண்டேன். என் மனைவி 'எச்சில் வேலை' என்றாள். அது எச்சில் இல்லை, ஈறு நீர் என்று விளக்கினேன். மரியாதை கூடவில்லை.

2. சாட்சி

எங்களிடம் பல் காட்ட வந்த சூசைராஜ், நீடாமங்கலம் பக்கத்துக் குத்தகை விவசாயி. அவர் அப்பா பண்ணையாள். 'இவன் குத்தகைதாரனே இல்லை, கூலிக்கு வந்தவன்' என்று நிலத்துக்காரர் வழக்காடிக்கொண்டிருந்தார். உழுபவனுக்கே உரிமை என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம். வருவாய்க் கோர்ட்டில் மட்டும், உழுதேன் என்பதை உழுதவரே வாய் திறந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அவருக்கோ ஈறு நோயால் முன்பற்கள் எல்லாம் ஆடின.

"எடுத்துட்டு செட் கட்டிக்கலாமே?" என்றார் டாக்டரம்மா.

"கேசு முடியட்டும்மா. செட்டு வச்சு வார்த்தை பழகுறதுக்குள்ள வாய்தா வந்துடும். பேச்சு குழறுச்சுன்னா, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்னு அந்த வக்கீல் சொல்லிடுவாரு."

"பல்லு நல்லா இருந்தப்பவே இவரு பேசுறது யாருக்கும் புரியாது டாக்டர்" என்றார் அவர் மனைவி பிலோமினா.

டாக்டரம்மா ஈறைச் சுத்தம் செய்து, ஆடும் பற்களை மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று கட்டிவிட்டார்.

3. நார்மல்

ஒவ்வொரு முறை வரும்போதும் அளந்தேன். என்ஸைம் இறங்கிக்கொண்டே வந்தது.

"நார்மல் ஆயிடுச்சுங்க" என்றேன், ஏதோ நானே இறக்கிவிட்டவன் போல.

"அப்ப கோர்ட்டு ஸ்டே கிடைச்ச மாதிரின்னு சொல்லுங்க சார்!" என்றார் சூசைராஜ்.

இருவரும் சிரித்தோம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். பல்லைத் தாங்க வேண்டிய எலும்பு பெரும்பகுதி முன்னமே கரைந்திருந்தது.

"இப்ப அரிக்கலைன்னுதான் இவரு அளந்த நம்பர் சொல்லுது. அரிச்சதைத் திருப்பித் தராதுங்க."

சூசைராஜ் எக்ஸ்ரேயை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஸ்டேயும் அப்படித்தாம்மா" என்றார். "நிலத்துக்காரரு அறுத்துட்டுப் போன நெல்லைத் திருப்பித் தராது."

வாய்தா தள்ளிக்கொண்டே போனது. ஒருமுறை வக்கீலுக்குக் காய்ச்சல், ஒருமுறை விசாரிக்கும் அதிகாரி மாற்றல், ஒருமுறை தேர்தல் வேலை. என்ஸைம் நார்மலாகவே இருந்தது. பற்கள் கம்பியோடு சேர்ந்து ஆடத் தொடங்கின. கடைசி வாய்தாவுக்குச் சில நாளே இருக்கும்போது, ஒரு காலையில் அவற்றைக் கம்பியோடு கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்தார்.

4. நான்கெல்லை

விசாரணையன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார். எல்லாம் காற்றாக வந்தது.

"என்னய்யா சொல்றே? தெளிவா சொல்லு" என்றார் அதிகாரி.

பின்னாலிருந்து பிலோமினா எழுந்து, "தெக்கால வாய்க்காங்க ஐயா..." என்றார்.

"சாட்சி யாரும்மா, நீயா அவரா? உட்காரு."

எதிர்த்தரப்பு வக்கீல் குடியைப் பற்றிப் பேசவே இல்லை. தேவைப்படவில்லை.

நிலம் போனது. பிறகு செட் கட்டிக்கொண்டார். அது பழகிய பின் சரிபார்க்க வந்தவரிடம் டாக்டரம்மா, "ஏதாவது பேசிக் காட்டுங்க" என்றார்.

"வடக்கால சர்க்கார் ரோடு. கெழக்கால கோயில் நஞ்சை. தெக்கால வாய்க்கா. மேக்கால..."

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஏ.எஸ்.டி. மாதிரியான மார்க்கர், இப்போது நடக்கிற சேதத்தை மட்டும் சொல்லும். நார்மல் என்று வந்தால் உடனே நோயாளியிடம் ஓடாதீர்கள். எக்ஸ்ரேயை வாங்கி, பல் பிடித்து நிற்க எலும்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.