காலைப் பார்த்துச் சான்று தந்தவர்

ஆவடியில் அந்த அதிகாரி வருமானச் சான்று தந்தால்தான் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும். மனுவைத் தொடும் முன் அந்தப் பெருந்தகை மனுதாரரின் காலைப் பார்ப்பார். எனக்கு முன்னால் நின்றவள் வீட்டு வேலை செய்பவள், புருஷனுக்கு ஆபரேஷன்.

"இவ்ளோ நல்ல செருப்பு போட்டுகினு, வருமானம் கம்மின்றே?"

"வேலை செய்ற ஊட்டுல குடுத்தது சார்."

"விசாரிக்கணும். அடுத்த வாரம் வா."

வரிசையில் செருப்போடு நின்ற எங்கள் எல்லோருக்கும் அதே பதில்தான். அடுத்த வாரம் அத்தனை பேரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனோம். வெறுங்கால் வரிசையைப் பார்த்து அவர் பூரித்துப்போனார்.

"இது இன்னா கோயிலா? இவ்ளோ மரியாதைலாம் வேணாம்மா," என்று கையெழுத்துப் போட்டார்.

இத்தனை வருட உத்தியோகத்தில் அந்த மனிதர் படித்தது கால்களை மட்டும்தான். அதையும் தப்பாகவே படித்தார்.