போணிக்கு முன்னால் வேலை போகாது

போன வாரம் எனக்கு வேலை போயிற்று. பதற வேண்டாம்... உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன்.

வாரம் ஒரு முறை இந்தப் பத்தியில் வம்பளக்கிற நான், மற்ற நாட்களில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். பழைய வாசகர்களுக்கு இது தெரியும். அன்று ஒரு கல்யாண கோஷ்டி வந்திருந்தது. பெண்ணின் தாயார் கூறைச் சேலையைத் தடவிப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்டார். "சம்பந்தியம்மா கோபம் போனாலும் போகும், இந்தச் சாயம் போகாதும்மா" என்றேன். சம்பந்தியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கோஷ்டி எழுந்து எதிர்க் கடைக்குப் போயிற்று. முதலாளி கல்லாவில் இருந்தபடியே சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ கடைப் பக்கம் வர வேணாம்பா."

அவர் கத்தியிருந்தால் தைரியமாக இருந்திருப்பேன். மெதுவாக அல்லவா சொன்னார்!

யோசித்துப் பாருங்கள் — நடுத்தர வயது. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம். 'மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாவுக்கு என்ன வேலை என்று சொல்வது?' சேலை மடிப்பதைத் தவிர எனக்கு வேறு வித்தை தெரியாது. இந்தப் பத்தியை நம்பி அடுப்பு எரியாது என்பது ஆசிரியருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து இரண்டு சபதம் செய்தேன். ஒன்று, மெட்ராஸ் போய்ப் பெரிய வக்கீலாகப் பிடித்து ஹைகோர்ட்டில் கேஸ் போடுவது. இரண்டு, இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை. மறுநாள் ஷேவ் செய்துகொண்டே கண்ணாடியில் தெரிந்த ஜட்ஜிடம் வாதாடினேன். தாடையில் ரத்தம் வந்தது. ஜட்ஜுக்கும் வந்தது.

என் மனைவிதான் அதை நிறுத்தினாள். "மெட்ராஸ் வக்கீலுக்கு உங்க முதலாளியைத் தெரியுமா, உங்களைத்தான் தெரியுமா? சின்ன காஞ்சிபுரத்துல சபாபதின்னு ஒரு வக்கீல் இருக்காராமே... பஸ் கண்டக்டருங்க கேஸெல்லாம் பாக்குறவரு. மொதல்ல அவரைப் போய்ப் பாருங்க."

போனேன். சபாபதி மாகறல்காரர். ரைஸ் மில், பஸ் கம்பெனி, பட்டுக் கடை என்று எங்கே யாருக்கு வேலை போனாலும் அவரிடம்தான் வருவார்களாம். நான் என் கதையை நடித்தே காட்டினேன். மனிதர் அசையவில்லை. முதலாளி எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா என்று கேட்டார். இல்லை. அப்புறம் வேலைக்குப் போனீர்களா? போவேனா? எனக்கு ரோஷம் கிடையாதா?

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரோஷப்பட்டு வூட்ல உக்காந்துக்கினா, 'நான் அனுப்பல, அவனா நின்னுட்டான்'னு சொல்லுவாரு. அப்பால நான் இன்னா பேசறது? நாளைக்குக் காலையில வேலைக்குப் போங்க சார்."

"வெளியே போன்னு சொல்லிட்டா?"

"போணி ஆவறதுக்கு முன்னால போங்க."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கள் கடைத்தெருவில் முதல் வியாபாரம் ஆகும்வரை எந்த முதலாளி வாயிலும் 'இல்லை', 'போ' என்ற வார்த்தைகள் வராது. சொன்னால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று பயம். இத்தனை வருஷம் அங்கே இருந்த எனக்கு இது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது! முதலாளி தன் வாயால் ஏதாவது ஒரு வேலை சொன்னால் போதும், நானாக நின்றுவிட்டேன் என்று அப்புறம் சொல்ல முடியாது என்றார். அதற்குப் பிறகும் துரத்தினால் சட்டப்படி மனுப் போடலாமாம்.

மறுநாள் கடை திறந்ததுமே உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டித் திரும்பிய முதலாளி என்னைப் பார்த்தார். வாய் திறந்தது... கல்லாவைப் பார்த்தார்... வாய் மூடிக்கொண்டது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. கஸ்டமர்தான் வரவில்லை! முதலாளி என்னை முறைக்க, நான் வாசலை முறைக்க, மடித்த சேலைகளையே திரும்பத் திரும்ப மடித்தேன். இந்த ஊர்ப் பக்கம் யாருக்குமே கல்யாணம் கிடையாதா?

கடைசியில் முசரவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அரக்கு நிறத்தில் வேண்டுமாம். மற்ற ஆட்கள் மாடியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். நான் ஒருத்தன்தான்.

"இன்னாப்பா பாத்துக்கினு இருக்கே? அரக்கு எடுத்துப் போடு."

எடுத்துப் போட்டேன். சாயத்தைப் பற்றி அவர்களும் கேட்டார்கள். "கெட்டிச் சாயம்மா" என்றதோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சேலை விற்றது. போணி ஆயிற்று.

அப்போதுதான் உறைத்தது — இனி அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே! முதலாளி பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த வெள்ளை விரிப்பை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு சீக்கிரம் வந்துடு. முகூர்த்த நேரம், ஆளு பத்தல" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் வக்கீலிடம் ஓடினேன். கட்டித் தழுவுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். வாசல்வரை வந்து, "கஸ்டமருங்க எதிர்ல மட்டும் வாயைக் கட்டிக்கினு இருங்க சார். அதுக்கு நான் எந்த கோர்ட்லயும் ஸ்டே வாங்க முடியாது" என்றார்.

சட்டம் மெட்ராஸிலும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான். முதலாளி எந்த நேரத்தில் வாய் திறக்க மாட்டார் என்பது உள்ளூர் வக்கீலுக்குத்தான் தெரியும்.

நான் எந்த நேரத்திலும் மூட மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறதே... அதுதான் கொஞ்சம் இடிக்கிறது.