எலிக்குப் போட்ட கீரை

டிபன் டப்பாவும் ரப்பர் செருப்பும் போட்ட பையோடு பாரிஸ் புறநகர்த் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். பட்டப்பகல். எதிரில் வந்த ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்தில் என்றால் அணைக்கட்டைத் தாண்டுவதற்குள் மூன்று பேருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்று கேட்காததே நல்லதாகப் பட்டது. சங்கரன் தன் ஆய்வகத்தில் வாங்கிக்கொடுத்த எலிக்கூண்டு கழுவும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று யாரிடம் சொல்வது?

சங்கரன் என்னோடு படித்தவன். நான் பத்தாம் வகுப்போடு நின்று, கப்பல், துபாய் என்று சுற்றி இங்கே வந்தேன். அவன் படித்தே வந்து சேர்ந்தான். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களைச் செய்கிறான். எலியின் ரத்தத்தில் ஏற்றினால் அவை புற்றுக்கட்டியில் போய்த் தங்கும். இருட்டுப் பெட்டிக்குள் வைத்து ஒளி பாய்ச்சினால் கட்டி மட்டும் திரையில் ஒளிரும். இந்த முறை மனிதர்களுக்கும் வந்துவிட்டால் மருத்துவர் மிச்சம் வைக்காமல் அறுத்தெடுக்கலாம். முதல் கட்டி ஒளிர்ந்த அன்று எல்லோரும் கை தட்டினார்கள். சங்கரன் ஆய்வகத் தலைவியான தன் மேடத்திடம் என்னைக் காட்டி, ஊர்க்காரர் என்றான். நண்பன் என்று சொல்லவில்லை. ஆற்றில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

படம் எடுப்பதற்கு முன் எலிகளுக்குத் தனித் தீவனம்தான். இலையின் பச்சையமும் ஒளிரும், அதனால் பச்சை எதுவும் ஆகாது என்று சங்கரன் வேலைக்குச் சேர்ந்த நாளே சொல்லியிருந்தான். அடுத்த முறை படம் எடுப்பதற்கு முந்தின நாள், நான் சமைக்க வாங்கிய கீரையில் கூண்டுக்கு ஒரு கொத்துப் போட்டேன். மறுநாள் திரையில் எலிகளின் வயிறெல்லாம் வெளிச்சம். கட்டி எது, குடல் எது என்று தெரியவில்லை. அவனுடைய மூன்று மாத உழைப்பு போயிற்று.

மேடம் கூண்டில் கிடந்த காம்பை எடுத்துப் பார்த்தார். எலிகளுக்கு இரங்கியிருக்கிறான், பாவம் என்று பிரெஞ்சில் சொல்லி என் தோளைத் தட்டினார். சங்கரன் என்னை வெளியே கூட்டிவந்தான்.

"ஏலே, பச்சை ஆகாதுன்னு சொன்னேம்லா?"

"சொன்ன."

"பொறவு எதுக்குலே போட்ட?"

"பசிக்குமேன்னு..."

"எங்கிட்டயே அளக்காத. ஓணானைக் கல்லால அடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பய நீ. உனக்கு எலி மேல இரக்கமா?"

நான் கையில் ஒட்டியிருந்த தீவனத் தூளைத் தட்டிவிட்டேன்.

"மேடம் உன்னை வேலையில வச்சுக்கலாம்னுதான் சொல்லுதாங்க. அவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். நான் போயிருதேன்."

அவன் தடுக்கவில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான்.

மறுநாள் காலை ஒரு தமிழ்க்கடையில் வேலை கிடைத்தது. ஊர்ப்பக்கமிருந்து விமானத்தில் வந்திறங்கும் கீரைக்கட்டுகளைப் பிரித்து, அழுகல் நீக்கி, அலசி அடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்து முதலாளி, "தம்பி, உமக்குக் கீரையைப் பற்றி ஏதும் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

மதியம் அந்தக் கீரையையே கடைந்து சோற்றோடு தந்தார்கள். வயிறு நிறையத் தின்றேன். அப்போது என்னை அந்த இருட்டுப் பெட்டியில் கிடத்தியிருந்தால் வயிறு முழுக்க நம் பக்கத்துக் கீரை ஒளிர்ந்திருக்கும். எனக்குள் இருந்த நோய் எங்கே என்று மேடத்துக்குத் தெரிந்திருக்காது. சங்கரன் மட்டும் சரியான இடத்தில் விரல் வைத்திருப்பான்.