வேலாயி திரும்பிப் பார்த்த காட்சி

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆண்டுதோறும் எடுக்கும் குழுப் படங்களில் வேலாயி டீச்சர் இருக்கமாட்டார். கமராக்காரர் வரும் நாளில் அவருக்குத் தலைவலி வந்துவிடும். முகத்தைக் காட்டக் கூச்சம் என்று மற்ற ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது கூச்சமல்ல. ஒரு காலத்தில் தன் முகம் படத்தில் வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இருந்ததில்லை.

அப்போது அவள் பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவி. தோட்டத் தொழிலாளர் லயத்தில், அவர்கள் வீட்டுச் சுவரில் அவளுடைய படம் ஒன்றே ஒன்று தொங்கியது. இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்தபோது குடும்பமாக எடுத்தது. அதில் அவள் முகத்தில் பாதியை அப்பாவின் தோள் மறைத்திருந்தது. அவர்கள் இந்தியாவுக்குப் போகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து படித்த புஷ்பத்தின் படங்கள் அவளுடைய அப்பாவின் புடவைக்கடையில் கண்ணாடிச் சட்டங்களில் வரிசையாக இருந்தன. தீபாவளிப் புஷ்பம், திருவிழாப் புஷ்பம், குடை பிடித்த புஷ்பம். பெயர்கூட அவளுக்கு அப்படி வாய்த்திருந்தது. புஷ்பம் நல்லவள். தன் சாப்பாட்டில் பாதியைக் கேட்காமலே தருவாள். அவள்மேல் கோபப்பட வேலாயிக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

எழுபத்தொன்பதில், அதே வகுப்பு ஸரூக், சிங்கப்பூர் போய்வந்த மாமாவின் சின்ன சினிமாக் கமராவை வகுப்புக்குக் கொண்டுவந்தான். பதுளைத் தியேட்டரில் சென்னை இயக்குநர் ஒருவரின் பேய்ப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவன் கெட்டுப்போயிருந்தான்.

“அவரு பேயோட மூஞ்சியக் காட்டவே மாட்டாரு. பேயப் பாக்கிற ஆளோட மூஞ்சியத்தான் காட்டுவாரு. பயம் அங்கதான் இருக்கு” என்றான். “பாடசாலைக் கலைவிழாவுக்கு நாமளும் அதே மாதிரி ஒண்ணு எடுப்போம். ஒரு பழைய பங்களா மட்டும் கெடைச்சாப் போதும்.”

“எங்க தோட்டத்துல துரை பங்களா சும்மாதான் கெடக்கு” என்றாள் வேலாயி. “எங்கப்பாதான் அங்க வாட்சர்.”

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபின் அதை நடத்திய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போய்விட்டார். புதிய மெனேஜர் அவ்வளவு பெரிய வீடு தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். அன்று மாலை பஸ்ஸில் வேலாயி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இடம் தன்னுடையது. அப்படியானால் பயப்படுகிற பெண்ணும் தான்தான்.

சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு பங்களா வாசலில் காத்திருந்தாள். புஷ்பத்தோடு வந்து இறங்கியதும் ஸரூக் சொன்னான்:

“புஷ்பம்தான் அந்தப் பொண்ணு. வேலாயி, நீ பேய்.”

“பேய்க்கு என்னா வேல?”

“முதுகக் காட்டிக்கிட்டு நிக்கணும். ஒனக்குத்தான் முடி இடுப்புக்குக் கீழ வரைக்கும் இருக்கு.”

“இந்த முடி மட்டும் எனக்கு இருந்திருந்தா நானே பேயா நடிச்சிருப்பேன்டி” என்றாள் புஷ்பம். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சேலையை அவளே வேலாயிக்குச் சுற்றி, மடிப்பெடுத்து, ஊசி குத்திவிட்டாள். “அழுக்காக்கிறாதடி. அப்பா இத திரும்பக் கடையில அடுக்கணும்னு சொன்னாரு.” புஷ்பம் கட்டியிருந்த நீலச் சேலையைப் பற்றி அவளுடைய அப்பா எதுவும் சொல்லவில்லை போலும்.

வேலாயியின் அப்பா கந்தப்பன் சாவிக்கொத்தோடு நின்றார். “பகல்லயா தம்பி பேய் வரும்?”

“ராத்திரி எடுத்தா இந்தக் கமராவுல ஒண்ணும் விழாதுங்க. எங்க பேய் ஆபீஸ் நேரத்துலதான் வரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். வேலாயியும் சிரித்தாள்.

காலை முழுவதும் ஸரூக் புஷ்பத்தின் முகத்தை எடுத்தான். ஜன்னலோரம் ஒரு தடவை, மாடிப்படியில் ஒரு தடவை. புஷ்பத்துக்குப் பயம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. “வேலாயி, நீ எனக்குப் பக்கத்துல வந்து நில்லு. அவ ஒன்னப் பாக்கட்டும்” என்றான். வேலாயி கமராவுக்கு அருகில் நின்றாள். கமராவுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்தது. கன்னத்தில் விழுந்த வெளிச்சம், உதட்டுக்கு மேல் துளிர்த்த வியர்வை. சிரித்துச் சொதப்பும்போதும் புஷ்பம் அழகாகத்தான் இருந்தாள். கதவு தானாக அசைவதுபோல் காட்ட, நூலை இழுக்கும் வேலையும் வேலாயிக்கே வந்தது.

மதியத்துக்குப் பிறகு கந்தப்பன் தேநீர் கொண்டுவந்தார். தட்டில் துரை விட்டுப்போன ஒரே பீங்கான் கோப்பை, பொன்விளிம்பு போட்டது. அது இருந்த அலுமாரியை அவர் யாருக்கும் திறப்பதில்லை. சின்ன வயதில் வேலாயி அந்தக் கோப்பையை ஒருமுறை தொட்டு அடி வாங்கியிருக்கிறாள்.

“குடிங்கம்மா. உக்காந்து குடிங்க” என்று அதைப் புஷ்பத்திடம் நீட்டினார். ஸரூக்குக்குக் கண்ணாடிக் கிளாஸ். வேலாயிக்குத் தகரக் குவளை.

“அவளுக்கு?” என்றாள் புஷ்பம்.

“அவ நம்ம புள்ளதானேம்மா.”

வேலாயி குவளையை வாங்கிக் குடித்தாள். சூடு நாக்கில் பட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

“அந்தக் கோப்பையோட வா புஷ்பம், நல்லாருக்கும்” என்றான் ஸரூக். கடைசிக் காட்சி அது. சாப்பாட்டு அறையில் பேய் முதுகைக் காட்டி நிற்கும். பின்னால் கோப்பையோடு அந்தப் பெண் வருவாள். பேய் அசையாது. “திரும்பிறாத வேலாயி. மிச்சம் கொஞ்ச பிலிம்தான் இருக்கு. இன்னொருக்கா எடுக்க முடியாது.”

வேலாயி சுவரைப் பார்த்து நின்றாள். கமரா ஓடும் சத்தம் கேட்டது. பின் காலடி. பின், தட்டின்மேல் கோப்பை நடுங்கும் மெல்லிய சத்தம். துரையின் கோப்பை. அவள் அப்பா துடைத்துத் துடைத்து வைத்தது.

திரும்பினாள்.

பிலிம் முடிந்து கமரா நின்றது. ஸரூக் தலையில் கை வைத்தான். “அவரு படத்துல பேய் திரும்பவே திரும்பாது! எல்லாத்தையும் கெடுத்திட்டியே!”

“சத்தம் கேட்டிச்சு” என்றாள் வேலாயி.

பிலிமைக் கழுவுவதற்குக் கொழும்புக் கடை மூலம் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் வேலாயிக்கு ஒரே பயம்: தன் முகம் வந்த இடத்தை ஸரூக் வெட்டிவிடுவானோ? சுருள் வந்த பிறகும் அவன் யாருக்கும் காட்டவில்லை.

“நான் திரும்புனத வெட்டிட்டியா?”

“விழாவுல பாத்துக்க.”

கலைவிழாவன்று மண்டபத்து ஜன்னல்களைப் புஷ்பத்தின் கடைத் துணியால் மறைத்திருந்தார்கள். இருட்டியதும் புஷ்பம் வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். புரொஜெக்டர் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. புஷ்பம் ஜன்னலோரம். புஷ்பம் மாடிப்படியில். பையன்கள் விசிலடித்தார்கள். வேலாயி காத்திருந்தாள். சாப்பாட்டு அறை வந்தது. நீண்ட முடி, வெள்ளைச் சேலை.

முகம் திரும்பியது.

வெட்டவில்லை. திரை நிறைய அவள் முகம். அவள் நினைத்திருந்த முகம் அல்ல. மாவு பூசவில்லை, மை தீட்டவில்லை, வாய்கூடத் திறக்கவில்லை. கண்கள் கமராவுக்குச் சற்றுத் தள்ளி நின்ற ஒருத்தியைப் பார்த்தன. அந்த ஒருத்தி இந்த உலகத்திலேயே இருக்கக்கூடாது என்று பார்த்தன.

முன்வரிசையில் ஒரு சிறுமி வீறிட்டாள். மண்டபம் முழுவதும் கத்தியது. விளக்குப் போட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். “அந்த டைரக்டருக்கே இது தோணியிருக்காது” என்று ஓர் ஆசிரியர் ஸரூக்கின் தோளைத் தட்டினார். “ஏ வேலாயி, எங்க பக்கம் திரும்பிறாத தாயே” என்று ஒருவன் கும்பிட்டான்.

புஷ்பத்தின் கை எப்போது விலகியது என்று வேலாயிக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் புஷ்பம் கேட்டாள்: “நீ என்னையத்தானே பாத்த?”

“நடிச்சேன்.”

“ஸரூக் ஒன்னைய நடிக்கச் சொல்லலியே.”

வேலாயி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நல்லா நடிச்சடி” என்றாள் புஷ்பம். குரலில் எதுவும் இல்லை.

பஸ் நிலையத்துக்குப் போகும் சரிவில் எப்போதும் புஷ்பம் முன்னால் போவாள். பேச்சு முடியாமல் அடிக்கடி திரும்புவாள். அன்று அவள் முன்னால் போகவில்லை, பக்கத்திலும் வரவில்லை. சற்றுப் பின்னால் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பி ஏதாவது சொல்ல வேண்டும் போல் வேலாயிக்கு இருந்தது.

திரும்பாமல் நடந்தாள்.