மூட்டத்துக்குள் நடந்து வந்தவர்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பஸ்ஸின் பிரேக் சூட்டு வாசனை... இறங்கியதும் ஈரக் காப்பிச் செடி வாசனை. அப்புறம் மூட்டம். ஏற்காட்டில் அது இறங்கிவிட்டால் பத்தடியில் வருகிறவரும் வெறும் நிழல்தான்.

எண்பதுகள். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். எனக்கும் ஜாபருக்கும் பத்தொன்பது வயசு. அவன் மளிகைக் கடைக்காரர் மகன், நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மகன். நாங்கள் மலையேறுவதற்கு முன்பே படிப்பு தலைக்கேறியிருந்தது.

முதல் வருஷம் படித்த நோயெல்லாம் எங்களுக்கே இருந்தது. கொட்டாவி வந்தால்கூட நாடி பார்த்துக்கொள்வோம். மூன்றாம் வருஷம் வார்டுக்குள் விட்டார்கள்... நோயெல்லாம் எங்களை விட்டு, எதிரே வருகிறவர்கள் மேல் ஏறிக்கொண்டது.

லீவுக்கு வந்து இறங்கியதும் ஒரு விளையாட்டு. மூட்டத்தில் வரும் நிழலின் நடையை வைத்து, முகம் தெரிவதற்குள் நோயைச் சொல்ல வேண்டும். தோற்றவன் இரண்டு பெட்டியையும் சுமக்க வேண்டும்.

அன்று முதலில் ஒருவர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வந்தார்.

"பக்கவாதம்டா," என்றான் ஜாபர்.

கிட்டே வந்தால், பக்கத்து வெள்ளக்கடை ஊர்க்காரர். தோளில் பலாப்பழம்.

"எனக்கென்னுங்க தம்பி நோவு? பழந்தானுங்க நொம்பக் கனம்."

சிரித்து முடிப்பதற்குள் அடுத்த நிழல். முன்னால் குனிந்த உடம்பு. தரையைத் தேய்க்கும் சின்னச் சின்ன எட்டு. நடைக்கேற்ப இடது கை வீசி ஆடுகிறது... வலது கை ஆடவே இல்லை.

"பார்க்கின்சன்," என்றேன். "தூக்குடா பெட்டிய."

மூட்டம் விலகியது.

அப்பா.

"வந்துட்டியா கண்ணு? மூணு பஸ்ஸு பாத்துட்டேன்."

போன லீவு முழுக்க அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அவர் அப்பாவாக மட்டுமே இருந்தார். ஹாஸ்டலுக்கு வரும் இன்லேண்ட் லெட்டரில் அவர் கையெழுத்து மாதாமாதம் எறும்பாய்ச் சிறுத்துக்கொண்டே வந்தது. "எங்க ரைட்டர் இப்ப லைட்டரா எழுதறார்டா" என்று எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருக்கிறேன். எழுத்து சிறுப்பதும் அந்த நோயின் அடையாளம்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

எதற்கும் வாதாடுகிற ஜாபர் அன்று வாதாடவில்லை. இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

"ஏஞ்சாமி, அந்தத் தம்பியையே சொமக்க உடறே?" என்றார் அப்பா.

"தோத்தவன் நாந்தானுங்க மாமா," என்றான் அவன், திரும்பாமல்.

நான் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குளுருக்கு வெறைக்குது கண்ணு."

"ஆமாங்கப்பா," என்றேன். குளிராகவே இருந்துவிடக் கூடாதா என்றிருந்தது...

அப்பா போய் வெகு காலமாயிற்று. இப்போதெல்லாம் ஹோட்டல் விளக்குகள் மூட்டத்தையும் துளைக்கின்றன. போன மாதம் நானும் ஜாபரும் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. பார்க்காத நோயில்லை.

மூட்டம் வெள்ளையாய் இறங்கியது. தூரத்தில் ஒரு நிழல், ஒரு காலை இழுத்து இழுத்து...

இரண்டு பேரும் நோயின் பேரைச் சொல்லவில்லை. ஜாபர்தான் குரல் கொடுத்தான்.

"வர்றது யாருங்க?"